வராத 31 பேரை எந்தக் கட்டத்தில் போடுவது?

கேள்வி: நான் பொது அறுவை சிகிச்சை முதுநிலை மாணவி. எங்கள் யூனிட்டில் மூன்று ஆண்டுகளில் நடந்த இன்குவினல் ஹெர்னியா (தொடையிடுக்கில் குடல் பிதுங்குவது) அறுவைகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, ஓபன் (வெட்டித் திறந்து செய்யும்) முறையையும் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும், சுருக்கமாக லேப்) முறையையும் ஒப்பிட்டுத் தீசிஸ் எழுதுகிறேன். மொத்தம் 140 பேர். ஓபன் 92, லேப் 48. இவர்களில் 31 பேர் (ஓபன் 22, லேப் 9) டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஓ.பி. பக்கமே வரவில்லை. "பிரச்சினை இருந்தா வந்திருப்பாங்க, 'சிக்கல் இல்லை'ன்னு போடு" என்கிறார் சீனியர். காயத் தொற்று 9 பேருக்கு. ஓபனில் 8, லேப்பில் 1. லேப் பிரிவில் பெரிய சிக்கல் ஒன்றுகூட இல்லை. "லேப் முறை பாதுகாப்பானது" என்று முடிவுரை எழுதலாமா? இன்னொரு சங்கடம்: சீரோமா (அறுவை செய்த இடத்தில் நீர் கோப்பது), சிறுநீர் அடைப்பு, விதைப்பை வீக்கம் என எல்லாவற்றையும் சேர்த்தால், திரும்ப வந்த 109 பேரில் 28 பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் இருந்திருக்கிறது. நான் படித்த கட்டுரைகளில் ஏழெட்டு சதவீதம்தான். யூனிட் பெயர் கெட்டுவிடும் என்று கைடு வருத்தப்படுவார். சின்னச் சிக்கல்களை விட்டுவிடலாமா?

பதில்: மற்ற விஷயங்களில் விட்டுக்கொடுத்தாலும், சீனியர் சொன்னதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். மற்றவை எழுதும் விதத்தைப் பற்றியவை. இது கணக்கையே மாற்றிவிடும்.

ஓ.பி.க்கு வராதவர்களில் இரண்டு வகை உண்டு. காயம் ஆறி, வேலைக்குத் திரும்பி, நம்மை மறந்தே போனவர்கள் ஒரு வகை. பத்தாம் நாள் காயத்தில் நீர் கசிந்து, "ஆபரேஷன் பண்ணின இடத்துக்கே மறுபடியும் போகணுமா?" என்று வேறு டாக்டரைத் தேடிப் போனவர்கள் இன்னொரு வகை. கேஸ் ஷீட்டில் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு பக்கம் முடிந்திருக்கும். ஹெர்னியா திரும்பி வந்தவர்களில் பலர் முதலில் செய்த சர்ஜனிடம் போவதில்லை என்பது உங்கள் சீனியருக்கும் தெரியும். வேறு இடத்தில் செய்துகொண்டு உங்களிடம் வந்த ரெக்கரன்ஸ் கேஸ்களை அவரே எத்தனையோ பார்த்திருப்பார். அந்த வேறு இடத்தின் பதிவேட்டில் அவர்கள் எல்லோரும் "சிக்கல் இல்லை" என்றுதான் இருக்கிறார்கள்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். வராதவர்களை நலம் என்று வைத்தால் காயத் தொற்று 140ல் 9, அதாவது 6.4 சதவீதம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் 109ல் 9, அதாவது 8.3. வராத 31 பேருக்குமே தொற்று வந்திருந்தால் 140ல் 40, அதாவது 28.6. கடைசி எண்ணை யாரும் நம்பப் போவதில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் ஒரே கேஸ் ஷீட் கட்டிலிருந்து 6.4 முதல் 28.6 வரை எதையும் எடுக்க முடிகிறது என்றால், அந்த இடைவெளியைத் தீசிஸ் படிப்பவருக்குக் காட்டித்தான் ஆகவேண்டும். மூன்றையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். சீனியர் சொன்ன 6.4ஐ மட்டும் போட்டால், அது கண்டறிந்த எண்ணாக இருக்காது. உங்கள் ஊகத்துக்குச் சதவீதக் குறி போட்டதாகத்தான் இருக்கும்.

அதைவிட நல்ல வழி, அந்த 31 பேருக்கும் போன் செய்வது. அதற்கு முன் எத்திக்ஸ் கமிட்டியில் ஒரு திருத்தம் வாங்கவேண்டும். பழைய பதிவுகளைப் பார்க்கத் தந்த அனுமதி, நோயாளியை அழைத்துப் பேசுவதற்கும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். போனில் வாய்மொழிச் சம்மதம் எப்படிப் பெறுவீர்கள், அதை எங்கே குறித்துவைப்பீர்கள் என்பதை அந்த விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

பேசும்போது "நல்லா இருக்கீங்களா?" என்று தொடங்கி அதோடு முடித்துவிடாதீர்கள். டாக்டர் போன் செய்தால் பத்தில் ஒன்பது பேர் "நல்லா இருக்கேன்மா" என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்கு. கேள்விகள் நறுக்கென்று இருக்கட்டும். "காயத்துல இருந்து தண்ணியோ சீழோ வந்துச்சா? யாராவது தையலைப் பிரிச்சு விட்டாங்களா? வீட்டுக்குப் போனப்புறம் புதுசா மாத்திரையோ ஊசியோ எழுதிக்கொடுத்தாங்களா? வேற ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? இருமினா அந்த இடத்துல புடைப்பு தெரியுதா? குனிஞ்சு நிமிர, படி ஏற, வேலை பார்க்க அந்த வலி தொந்தரவு பண்ணுதா?" எல்லோரிடமும் இதே வரிசையில், இதே சொற்களில் கேளுங்கள். ஏற்கெனவே ஓ.பி.க்கு வந்த 109 பேரையும் இதே கேள்விகளோடு அழைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் ஒரு குழுவைப் போனிலும் இன்னொரு குழுவைக் கேஸ் ஷீட்டிலும் தேடியதாக ஆகிவிடும். கிடைக்காதவர்கள் கிடைக்காதவர்களாகவே அட்டவணையில் இருக்கட்டும். ஒருவர் இறந்துவிட்டதாகத் தெரியவந்தால் தேதியையும் காரணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெர்னியாவுக்குச் சம்பந்தமில்லை என்று நீங்களே தீர்மானித்துத் தள்ளிவிட வேண்டாம்.

எத்தனை நாள் வரை வந்ததைத் தொற்று என்று எண்ணுவது? அமெரிக்காவின் சி.டி.சி. (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வரையறை உலகமெங்கும் புழங்குகிறது. தோலடித் தொற்றுக்கு 30 நாள். ஹெர்னியா அறுவையில் ஆழமான தொற்றுக்கு 90 நாள். நீங்கள் எதை எடுத்தாலும் சரி, எக்செல் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு எல்லைக்கோடு போட்டால், 32ஆம் நாள் வந்த சீழ் யாருக்குச் சாதகமோ அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். கேஸ் ஷீட்டில் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள்? டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் "அறுவைக்குப் பிந்தைய காலம் இயல்பாக இருந்தது" என்ற வாக்கியம் பெரும்பாலும் முந்தைய நோயாளியின் சுருக்கத்திலிருந்து அப்படியே ஒட்டப்பட்டதாக இருக்கும். நிஜம் இருப்பது செவிலியர் குறிப்பில். "டிரெஸ்ஸிங் நனைந்திருந்தது, டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று மூன்றாம் நாள் இரவு ஷிஃப்டில் ஒரு வரி கிடக்கும். மருந்து அட்டையில் அடுத்த நாள் ஆன்டிபயாடிக் மாறியிருக்கும். வெப்பநிலை அட்டையில் ஒரு முள் நிமிர்ந்திருக்கும். இந்த மூன்றும் இருந்தும் சுருக்கத்தில் "இயல்பு" என்றே இருந்தால், உங்கள் தீசிஸுக்கு அது தொற்றா இல்லையா என்று வரையறைதான் தீர்மானிக்கவேண்டும், சுருக்கம் இல்லை. கல்ச்சர் (கிருமிச் சோதனை) பதிவேடு, தியேட்டர் பதிவேடு, ரத்த வங்கிப் பதிவேடு ஆகியவற்றிலும் 140 பெயர்களைத் தேடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மறு ஆபரேஷன்களைத் தியேட்டர் பதிவேடு மறைப்பதில்லை.

இனி அந்த 28 பேர். விடக்கூடாது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "சிக்கல் 26 சதவீதம்" என்று வைத்தாலும் ஒன்றும் புரியாது. இதற்குத்தான் அறுவைச் சிக்கல்களைத் தரம் பிரிக்கும் கிளேவியன்-டிண்டோ வகைப்பாடு இருக்கிறது. 1992ல் முதல் வடிவம் வந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் திருத்திய வடிவம் 2004ல் 6,336 நோயாளிகளில் சோதித்து வெளியானது. சிக்கல் எவ்வளவு பயமுறுத்தியது என்பதை அது கேட்பதில்லை. அதைச் சரிசெய்ய என்ன செய்யவேண்டியிருந்தது என்று மட்டும் கேட்கிறது. அதனால்தான் இரண்டு பேர் தனித்தனியே தரம் போட்டாலும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

ஒரே காயத்தை வைத்துப் பாருங்கள். படுக்கையருகிலேயே தையலைப் பிரித்து, கழுவி, டிரெஸ்ஸிங் செய்து முடித்தால் தரம் 1. அதோடு ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டி வந்தால் தரம் 2. ரத்தம் ஏற்றினாலும் தரம் 2தான். முழு மயக்கம் இல்லாமல் ஒரு தலையீடு தேவைப்பட்டால் 3ஏ. மெஷ்ஷை (ஹெர்னியாவை அடைக்க வைத்த வலையை) எடுக்க முழு மயக்கத்தில் மறுபடி தியேட்டருக்குப் போனால் 3பி. உறுப்பு செயலிழந்து உயிருக்கு ஆபத்தாகித் தீவிர சிகிச்சைக்குப் போனால் 4. மரணம் 5. இதன்படி, தானாக வற்றிய சீரோமா தரம் 1; ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தது 3ஏ. சிறுநீர் அடைப்புக்குக் குழாய் போட்டதை எங்கே வைப்பது என்பதில் யூனிட்டுக்கு யூனிட் சண்டை உண்டு. உங்கள் விதி என்ன என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு, இரண்டு பிரிவுக்கும் அதையே கடைப்பிடியுங்கள். தரம் போடுபவர் இரண்டு பேராக இருக்கட்டும். ஓபனா லேப்பா என்பது அவர்கள் கண்ணில் படாமல் தாளை மடித்துக் கொடுங்கள்.

ஒருவருக்கே மூன்று சிக்கல் வந்திருந்தால்? எத்தனை நோயாளிகள், எத்தனை நிகழ்வுகள் என்று இரண்டையும் சொல்லுங்கள். நோயாளிக்கு அவருடைய மிக உயர்ந்த தரம் ஒன்றே ஒன்று.

இந்த வகைப்பாட்டுக்கு ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. ஹெர்னியாவில் அது வழியாகத்தான் முக்கியமானது நழுவுகிறது. யாரும் பார்த்துச் சிகிச்சை கொடுக்காத, கேஸ் ஷீட்டில் எழுதாத எதுவும் அதில் ஏறாது. ஆறு மாதமாகத் தொடையிடுக்கில் வலியோடு நடந்து, யாரிடமும் சொல்லாமல், மாத்திரையும் போடாமல் இருப்பவர் பூஜ்யம். மூன்று மாதத்துக்கு மேலும் தொந்தரவு செய்யும் வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று 2018ல் வந்த சர்வதேசத் தொடையிடுக்கு ஹெர்னியா வழிகாட்டுதல் சொல்கிறது. பத்தில் ஒருவர்! நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் வாரத்துச் சீரோமாவை விட இது பெரிய விஷயம். போனில் கடைசிக் கேள்வியை வலிக்கு ஒதுக்கச் சொன்னது அதனால்தான்.

கைடைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். 28 பேர், 109ல் 25.7 சதவீதம். இதைக் கேட்டு அவர் முகம் சுளித்தால், 2004ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளின் ஆய்வை எடுத்து மேசையில் வையுங்கள். உங்கள் தலைப்பேதான்: மெஷ் வைத்த ஓபன் முறையா, லேப்பா. 14 மையங்கள், குலுக்கல் முறையில் பிரித்தது, இரண்டு ஆண்டு ஃபாலோ-அப். அதில் சிக்கல் விகிதம் ஓபனில் 33.4, லேப்பில் 39.0. அந்த சர்ஜன்கள் உங்கள் யூனிட்டை விட மோசமானவர்கள் என்று யாராவது சொல்வார்களா? அவர்கள் முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் எழுதினார்கள். நீங்கள் படித்த ஏழெட்டு சதவீதக் கட்டுரைகளில், சிக்கலை எப்படித் தேடினார்கள், எத்தனை நாள் தேடினார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று மறுபடி புரட்டுங்கள். விளக்கைப் போட்டால் கரப்பான் தெரியத்தான் செய்யும். அதைக் கொண்டுவந்து விட்டது விளக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்லலாம். கஃபேரியும் சகாக்களும் 2009ல் அதே இதழில் எழுதியது. இறப்பு மிகக் குறைவான மருத்துவமனைகளிலும் மிக அதிகமானவற்றிலும் சிக்கல் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 24.6, 26.9. ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் முதல் வகையில் 12.5 சதவீதம், இரண்டாவதில் 21.4. வித்தியாசம் சிக்கல் வருவதில் இல்லை. வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடித்து ஆளைக் காப்பாற்றுவதில்தான். ஹெர்னியாவில் இறப்பு அரிது என்பதால் இந்த எண்கள் உங்கள் தீசிஸுக்கு நேரடியாகப் பொருந்தாது. கைடோடு பேசுவதற்குப் பொருந்தும். உங்கள் யூனிட்டைப் பெருமைப்படுத்த வேண்டுமானால், சீழ் தெரிந்த நாளுக்கும் தையல் பிரித்த நாளுக்கும் இடையே எவ்வளவு நேரம் போனது என்று ஒரு பத்தி சேருங்கள். நன்றாகச் செய்த யூனிட்டுகள் மட்டுமே அதை எழுத முடியும்.

"பாதுகாப்பானது" என்ற முடிவுக்கு வருவோம். எழுதாதீர்கள். 48 பேரில் ஒருவருக்கும் பெரிய சிக்கல் இல்லை என்றால், உண்மையான விகிதம் பூஜ்யம் என்று ஆகாது. இதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: 3ஐ மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். 3ஐ 48ஆல் வகுத்தால் சுமார் 6 சதவீதம். அதாவது நூற்றுக்கு ஆறு பேருக்குப் பெரிய சிக்கல் வரும் ஒரு முறையிலும், 48 பேரில் ஒருவரும் அகப்படாமல் போவது நடக்கக்கூடியதே. மென்பொருள் இருபக்க நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) போட்டு, மேல் எல்லை 7.4 என்று காட்டும். இரண்டும் சரிதான், எதைப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு உண்மையில் உங்களுக்குத் தெரிந்தது 39 பேரைத்தான் என்பதால் சூத்திரத்தின் எல்லை 8ஐ நெருங்குகிறது. "லேப் பிரிவில் டிஸ்சார்ஜ் வரை பெரிய சிக்கல் பதிவாகவில்லை, இந்த எண்ணிக்கையை வைத்து அரிதான சிக்கல்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது" என்று எழுதினால் எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல முடியாது.

தொற்று ஓபனில் 70க்கு 8, லேப்பில் 39க்கு 1. பார்வைக்கு நான்கு மடங்கு. ஃபிஷர் சோதனை (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் கணக்கு) போட்டால் தேறாது. வராத ஒன்பது லேப் நோயாளிகளில் இரண்டு பேருக்குச் சீழ் பிடித்திருந்தாலே 48க்கு 3 ஆகி, வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

அது கிடக்கட்டும், லேப்புக்கு யாரை அனுப்பினார்கள்? வயது குறைந்தவர், முழு மயக்கம் தாங்குபவர், ஹெர்னியா உள்ளே தள்ளினால் போகிறவர். நெடுநாள் சர்க்கரை, புகை, உள்ளே போகாத பெரிய ஹெர்னியா, அவசர கேஸ் எல்லாம் ஓபன் பக்கம். எனவே அந்த எட்டுத் தொற்றையும் வெட்டின முறையின் தலையில் கட்ட முடியாது. அவசர கேஸ்களைத் தனியாக எடுத்துவிட்டு, வயது, ஏ.எஸ்.ஏ. தரம் (மயக்கம் கொடுக்கும் முன் நோயாளியின் பொது உடல்நிலைக்குப் போடும் தரம்), சர்க்கரை, புகை, ஒரு பக்கமா இரு பக்கமா என்பதை இரண்டு பிரிவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் அட்டவணையாகப் போடுங்கள். ஒன்பது நிகழ்வுகளை வைத்துக்கொண்டு பன்மாறி ரெக்ரஷன் (பல காரணிகளை ஒரே கணக்கில் சேர்த்துப் பார்ப்பது) ஓட்டச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், அது தாங்காது.

லேப்பாகத் தொடங்கி ஓபனாக மாற்றியவர்கள் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். ஒட்டுதல், ரத்தக்கசிவு என்று பாதியில் மாற்றிய கேஸ்களைத் தியேட்டர் பதிவேட்டில் கடைசியாகச் செய்த பெயரில் "ஓபன்" என்று எழுதிவிடுவார்கள். நீங்கள் அந்தப் பதிவேட்டை வைத்துப் பிரித்திருந்தால், லேப்பின் மிகக் கடினமான நோயாளிகள் ஓபன் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய சிக்கல்களையும் தூக்கிக்கொண்டு. எதைச் செய்யத் தீர்மானித்துத் தியேட்டருக்குள் போனார்களோ அந்தப் பிரிவில்தான் அவர்கள் இருக்கவேண்டும். உங்கள் "பெரிய சிக்கல் பூஜ்யம்" இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் நிற்கிறதா என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது.

லேப்பைச் செய்தது யார் என்பதையும் ஒரு பத்தியில் சேருங்கள். மேலே சொன்ன 2004 ஆய்வில் இரண்டு ஆண்டில் ஹெர்னியா திரும்பியது லேப்பில் 10.1 சதவீதம், ஓபனில் 4.9. ஆனால் 250க்கு மேல் லேப் செய்திருந்த சர்ஜன்களின் கையில் அந்த வித்தியாசம் மறைந்தது. உங்கள் 48ஐ ஒரே ஆள் செய்தாரா, பழகிக்கொண்டிருந்த நான்கு பேர் செய்தார்களா என்று தெரியாமல் உங்கள் எண்ணை வேறு எங்கும் பொருத்த முடியாது. ரெக்கரன்ஸைப் பற்றி நீங்கள் முடிவு எதுவும் சொல்லவேண்டாம். மூன்று ஆண்டுக் கேஸ்களில் கடைசியாகச் செய்தவர்களுக்கு இன்னும் சில மாதம்கூட ஆகியிருக்காது.

கைடிடம் போகும்போது கையில் முடிவோடு போகாதீர்கள்; வரையறைத் தாளோடு போங்கள். "சார், சிக்கல்னா என்னன்னு இப்படி எழுதியிருக்கேன், எத்தனை நாள் பார்க்கணும்னு இப்படி வச்சிருக்கேன், வராதவங்களைப் போன்ல பிடிக்கப்போறேன். நீங்க ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டா எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லுங்கள். சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்பு விதிக்குச் சம்மதிப்பது எந்த கைடுக்கும் சுலபம். சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, வந்த எண் அவருக்குப் பிடிக்காவிட்டாலும் விதியை மாற்றச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும். கமிட்டி அடுத்து எப்போது கூடுகிறது என்று விசாரித்துவிட்டு அந்தத் தேதிக்கு முன்னால் இந்தப் பேச்சை முடியுங்கள். போன் நம்பர்கள் வேகமாக மாறுகின்றன. அனுமதி கிடைத்ததும் மூன்றாண்டுக்கு முந்தைய கேஸ்களிலிருந்து அழைக்கத் தொடங்குங்கள்.